மண்ணை விட்டுப் போகாத வண்ணம்

சென்னை பெரியமேட்டில், பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஓரத்தில், 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் தொடங்கிவைத்த ஓவியப் பள்ளி இன்றும் அரசு கவின் கலைக் கல்லூரியாக நடந்துவருகிறது. அதே சாலையைப் பிடித்து மேற்கே வந்தால் பூந்தமல்லி, செம்பரம்பாக்கம், அதற்கடுத்து இருங்காட்டுக்கோட்டை. இன்னும் சற்றுத் தள்ளி, 1017-இல் ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர். தென்னிந்திய நவீன ஓவியம் பிறந்த வாசலும், உலகமே இறைவனின் உடல் என்று சொன்ன ஆசாரியரின் ஊரும், கார் தொழிற்சாலைகளின் சிப்காட் தொழிற்பேட்டையும் ஒரே சாலையில் அமைந்திருக்கின்றன. அருவ ஓவியத்தைப் பற்றி நெடுநாளாக நடந்துவரும் ஒரு விவாதத்தை இந்தச் சாலையில் நின்று பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகின்றன என்பது என் எண்ணம்.

விவாதம் இதுதான். மரம், முகம், மாடு, கோபுரம் என்று அடையாளம் காட்டக்கூடிய உருவம் எதுவும் இல்லாமல் வண்ணம், கோடு, பரப்பு ஆகியவற்றை மட்டும் நம்பி வரையப்படும் ஓவியம் இயற்கையையும் ஆன்மிகத்தையும் பேசுவதாகச் சொல்லப்படுகிறது. கண்காட்சிக் கையேடுகளில் பத்துக்கு எட்டு இப்படித்தான் தொடங்குகின்றன. இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வழக்கமான புகழ்ச்சி? எந்த ஓவியத்தில் அது நிகழ்கிறது, எதில் நிகழவில்லை என்று எதை வைத்துச் சொல்வது?

முதலில், இந்தப் பேச்சு எங்கே தொடங்கியது என்று பார்க்கவேண்டும். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் உபரி நீர் அடையாற்றில் விழும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இதைச் சென்னையில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. அந்த ஆறு கடலில் சேரும் இடத்தில், பெரிய ஆலமரத்தோடு, பிரம்மஞான சபையின் தோட்டம் இருக்கிறது. 1882 முதல் அச்சபையின் உலகத் தலைமையகம் அதுதான். ஐரோப்பிய அருவ ஓவியத்தின் வரலாற்றில் அந்த அடையாறுத் தோட்டத்துக்கு ஓர் இடம் உண்டு. கலை வரலாற்றாசிரியர்கள் பல பத்தாண்டுகள் அதைச் சொல்லத் தயங்கினார்கள்.

1905-இல் அச்சபையைச் சேர்ந்த அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் சேர்ந்து எண்ண வடிவங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். கோபம், பக்தி, அச்சம், அன்பு ஒவ்வொன்றுக்கும் காற்றில் ஒரு நிறமும் வடிவமும் உண்டு என்று சொல்லி, ஓவியர்களைக் கொண்டு அவற்றை வரைவித்துச் சேர்த்திருந்தார்கள். ஒரு தேவாலயத்தின் கூரைக்கு மேலே வாக்னரின் இசை வண்ண மலைபோல் எழுந்து நிற்பதாக அதில் ஒரு படம் உண்டு. இரண்டு ஆண்டுகளில் பெசன்ட் சபையின் தலைவராகி அடையாற்றில் அமர்ந்தார். மியூனிக்கில் இருந்த ரஷ்யரான காண்டின்ஸ்கி இந்நூலை அறிந்திருந்தார். 1911 இறுதியில் அவர் வெளியிட்ட, கலையில் ஆன்மிகம் பற்றிய புகழ்பெற்ற நூலில் பிரம்மஞான சபையையும் அதன் நிறுவனர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கியையும் மரியாதையோடு குறிப்பிடுகிறார். டச்சு ஓவியர் மோந்திரியான் 1909-இல் சபையின் உறுப்பினரானார். அவர்கள் இருவருக்கும் முன்பே, 1906-இல், ஸ்டாக்ஹோமில் ஹில்மா ஆஃப் கிளின்ட் என்ற பெண் உருவம் இல்லாத பெரிய ஓவியங்களைத் தொடங்கிவிட்டார். அவரும் பிரம்மஞானி. 1915-க்குள், கட்டப்படாத ஒரு கோயிலுக்கென 193 ஓவியங்களை வரைந்து முடித்தார். தாம் இறந்து 20 ஆண்டுகள் ஆகும்வரை அவற்றை யாருக்கும் காட்டக்கூடாது என்று எழுதிவைத்தார். 1944-இல் இறந்த அவரை உலகம் பரவலாகக் கண்டுகொண்டது 2018-இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில்தான். ஆறு லட்சம் பேர் வந்து பார்த்தார்கள்.

இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்பது இந்த ஆய்வுக்கு முக்கியம். 1936-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ஆல்ஃபிரட் பார் அருவக் கலைக்கு ஒரு வம்சாவளி அட்டவணை போட்டார். கியூபிசம், ஜப்பானிய அச்சுப்படங்கள், இயந்திரம் என்று எல்லாம் அதில் உண்டு. ஆன்மிகத்துக்கு மட்டும் இடமில்லை. ஓவியம் என்பது பரப்பும் வண்ணமும்தான், மற்றதெல்லாம் வெளிச்சரக்கு என்ற கருத்து ஒரு தலைமுறையை ஆண்டது. 1986-இல் லாஸ் ஏஞ்சலிஸில் மாரிஸ் டக்மன் அமைத்த ஒரு பெரிய கண்காட்சி அந்தக் கதவை உடைத்தது. அதற்குப் பிறகும் 2012-இல், அதே நியூயார்க் அருங்காட்சியகம் அருவக் கலையின் தொடக்கத்தைப் பற்றி நடத்திய கண்காட்சியில் ஹில்மாவைச் சேர்க்கவில்லை. ஆன்மிகத்தை ஒப்புக்கொண்டால் கலையின் தரம் குறைந்துவிடும் என்று அஞ்சியவர்கள் அந்தப் பக்கம். ஆன்மிகம் என்று சொல்லிவிட்டாலே தரம் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பக்கம். நம் ஊர்க் கையேடுகள் பெரும்பாலும் இரண்டாம் வகை.

காண்டின்ஸ்கிக்கும் மோந்திரியானுக்கும் பொதுவான ஓர் உந்துதல் இருந்தது: பருப்பொருளிலிருந்து விடுபடவேண்டும். மோந்திரியான் மரங்களை வரைந்து தொடங்கியவர். 1911-ஐ ஒட்டி அந்த மரங்கள் கிளைகளின் வலைப்பின்னலாக மாறுகின்றன. 1914, 1915-இல் கடல் வெறும் குறுக்குக் கோடுகளும் நெடுக்குக் கோடுகளும் ஆகிறது. கடைசியில் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை, சாம்பல் ஆகியவையே மிஞ்சுகின்றன. பச்சைக்கு அங்கே இடம் இல்லை. வயலையும் மரத்தையும் ஏணியாக்கி ஏறியபின் ஏணியைத் தள்ளிவிட்டார். அந்தப் பயணத்தின் கண்டிப்பு என்னை எப்போதும் வியக்கவைக்கிறது. ஆனால் அது ஒரு வழி, ஒரே வழியன்று.

வேறொரு வழிக்கான அடிப்படையை ஸ்ரீபெரும்புதூர்க்காரர் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தந்துவிட்டார். சித்தும் அசித்தும், அதாவது உயிர்களும் சடப்பொருளும், ஈசுவரனுக்கு உடல் என்பது ராமானுஜர் கொள்கையின் மையம். உலகம் பொய்த்தோற்றம் அன்று, கழற்றிப் போடவேண்டிய சட்டையும் அன்று. மண், நீர், கல், புல் எல்லாம் உண்மை. அவை அவனுடைய உடலாக இருப்பதால் உண்மை. ஓவியத்தைப் பற்றி அவர் பேசவில்லை. ஆனால் இந்தக் கொள்கையைக் கையில் வைத்துக்கொண்டு அருவ ஓவியத்தைப் பார்த்தால் ஒரு நல்ல அளவுகோல் கிடைக்கிறது. வண்ணம் வேறெங்கோ இருக்கும் ஒன்றைச் சுட்டிக்காட்டும் கைகாட்டியாக நிற்கிறதா, அல்லது வண்ணமே மண்ணாகவும் நீராகவும் ஆகி அங்கேயே ஒரு நிறைவைத் தருகிறதா? இதுதான் நான் கேட்க விரும்பும் கேள்வி.

தமிழ் மரபு முழுவதும் ராமானுஜர் பக்கம் நிற்கிறது என்று சொன்னால் அது நேர்மையாகாது. சிதம்பரத்தில் திரையை விலக்கினால் தெரிவது தங்க வில்வ மாலை தொங்கும் வெற்றிடம். வடலூரில் வள்ளலார் 1872 தைப்பூசத்தன்று திறந்த சத்திய ஞான சபையில் ஏழு திரைகள் உண்டு: கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்னிறம், வெள்ளை, கலப்பு. தைப்பூசத்தன்று ஒவ்வொன்றாக விலகும். கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு நிற்பவருக்கு முதலில் கறுப்பு மட்டுமே தெரியும், அது விலகியதும் நீலம் வந்து நிற்கும், பிறகு பச்சை. ஒரு நிறத்துக்குக் கண் பழகுவதற்குள் அடுத்த நிறம். ஏழும் போனபின் ஜோதி. சட்டம் போட்ட கித்தானில் வண்ணப் பரப்பை மட்டும் வைத்து மேற்குலகம் ஓவியம் செய்வதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, தூய நிறத்தை வரிசையாகப் பார்ப்பதையே ஒரு வழிபாடாக நம் எளிய மக்கள் பயின்றிருக்கிறார்கள். இங்கே நிறம் திரை. ஒளிக்காக அது விலகவேண்டும். காண்டின்ஸ்கிக்குப் பிடித்திருக்கும். ஆக இரண்டு போக்கும் நம்மிடம் உண்டு: நிறத்தைக் கடப்பது ஒன்று, நிறத்தில் தங்குவது ஒன்று. சென்னை ஓவியர்களை இந்த இரண்டுக்கும் நடுவில் வைத்துப் பார்க்கலாம்.

சென்னைப் பள்ளியின் நவீன வரலாற்றுக்கு முன்கதையாக இருப்பவர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. 1957 வரை பள்ளியின் முதல்வராக இருந்த அவர் உருவத்தின் மனிதர். அவரிடம் பயின்று, அவருக்குப் பின் முதல்வரானவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, 25 வயதுக்கு மேல் ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். அவரது தொடக்ககால நீர்வண்ணங்கள் கேரளத்துத் தோப்புகளும் காயல்களும்தான். பச்சை ததும்பும் அந்தப் படங்களிலிருந்து, 1963-இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைக்கு அவர் வந்து சேர்ந்த தூரம் பெரியது. ஒரு மாணவரின் கணக்கு நோட்டில் எண்களும் வடிவங்களும் நிறைந்திருந்த ஒரு பக்கம் அவர் கண்ணில் பட்டதும், அதன் அழகு அவரைப் பிடித்துக்கொண்டதும் அந்த வரிசைக்கு வித்து. அடுத்து ஜாதகக் கட்டங்கள் வந்தன.

அந்த வரிசையில் ஒரு கித்தானின் முன்னால் நின்றால் முதலில் தெரிவது ஒரு பழைய ஏடு. மஞ்சளோ காவியோ படர்ந்த தட்டையான பரப்பு. அதன்மேல் வரிவரியாக மெல்லிய எழுத்து. நடுவே ராசிக் கட்டம், முக்கோணம், ஒரு மீன், ஒரு பறவை. தூரத்திலிருந்து மலையாளம் என்று தோன்றும். கிட்டே போய் வாசிக்க முயன்றால் ஓர் எழுத்தும் எழுத்தில்லை. சுழிகள், கொம்புகள், கோடுகள் மட்டும். படிக்க முடியாத அந்த இடத்தில்தான் கண் வேலை செய்யத் தொடங்குகிறது. வரிகள் வயலின் நாற்று வரிசைபோல் பரவி, இடையிலுள்ள வெளி காற்றாக மாறுகிறது. பணிக்கர் மந்திரத்தை எழுதவில்லை. மந்திரம் எழுதப்பட்ட ஓலையின் மேல் நம் மக்களுக்கு இருக்கும் பயபக்தியை, அந்த ஓலையின் தோற்றத்தை, வண்ணமாக மாற்றினார். அவரைத் தாந்திரிக ஓவியர் என்று சிலர் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. குறியீட்டை அவர் அர்த்தத்திலிருந்து விடுவித்தார். தாந்திரிக ஓவியம் செய்வது இதற்கு நேர்மாறு.

1966-இல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் ஏறத்தாழ 10 ஏக்கர் மணல்காட்டை வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில் வாங்கிய நிலம் அது. அரசு மானியத்துக்காகவோ புரவலருக்காகவோ காத்திருக்கவில்லை. பகலில் பாத்திக், மிச்ச நேரத்தில் ஓவியம். கலைஞன் கைத்தொழிலால் சோறு தின்று, ஓவியத்தைச் சந்தையின் கட்டாயமில்லாமல் வரையலாம் என்ற அந்த எண்ணத்தில் எவ்வளவு ஆன்மிகம் இருக்கிறதோ, அவ்வளவு எந்த மண்டலக் கோலத்திலும் இல்லை என்று நான் நினைக்கிறேன். பணிக்கர் 1977-இல் இறந்தார். கிராமம் இன்றும் இருக்கிறது. 2009 முதல் சென்னைக் கலை இயக்கத்துக்கான அருங்காட்சியகமும் அங்கே உண்டு.

அடுத்தது தாந்திரிகம். அஜித் முகர்ஜியின் தாந்திரிகக் கலை பற்றிய நூல் 1966-இல் வந்தபின், யந்திரங்களும் சக்கரங்களும் ஓவியக் கூடங்களுக்குள் வந்தன. வடக்கே பிரேன் டே, ஜி.ஆர். சந்தோஷ், இங்கே சோழமண்டலத்தின் கே.வி. ஹரிதாசன். 'பிரம்மசூத்திரம்' என்ற ஹரிதாசனின் வரிசை கண்டிப்பான வடிவ ஒழுங்கு உடையது, வண்ணம் சுத்தமானது. ஆனால் காஞ்சி காமாட்சியின் முன் இருக்கும் ஸ்ரீசக்கரத்துக்குக் குங்குமம் இடும் கையும், அதைச் சுற்றிப் பல நூற்றாண்டாக நடக்கும் வழிபாடும்தான் அந்த வடிவத்துக்கு உயிர். அதைக் கித்தானுக்கு மாற்றும்போது வடிவம் வருகிறது, வழிபாடு வருவதில்லை. வராத அதை ஓவியர் வண்ணத்தால் ஈடு செய்யவேண்டும். சிலரால் முடிந்தது, பலரிடம் சின்னம் மட்டும் நின்றது. ஓவியம் முடியும் முன்பே 'ஆன்மிகம்' என்று சொல்லிவிடும் சின்னம் பார்வையாளரைச் சோம்பேறியாக்குகிறது.

இதில் வேறுபட்டு நிற்பவர் விஸ்வநாதன். 1940-இல் கொல்லம் பக்கத்தில் பிறந்து, சென்னையில் படித்து, சோழமண்டலத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்து, 1968-இல் பாரிசுக்குப் போய்த் தங்கியவர். முக்கோணமும் சதுரமும் கொண்டே வரைகிறார். ஆனால் இந்தியக் கடற்கரை நெடுகப் பயணம் செய்து இடத்துக்கு இடம் மணல் சேகரித்தார். அந்த மணலையும், பின்பு ஐம்பூதங்களில் மற்றவற்றையும் திரைப்படமாகவும் எடுத்தார். வடிவ ஒழுங்கைத் தேடுகிறவர் கை நிறைய மணல் அள்ளவேண்டியிருந்தது என்பதே அவருடைய முக்கோணங்கள் ஏன் காய்ந்துபோகவில்லை என்பதற்கு விடை.

எஸ்.எச். ரஸாவைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்கமுடியாது. மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா மாவட்டத்துக் காட்டுச் சிற்றூரில் 1922-இல் பிறந்தவர். மனம் ஓடும் பையனை அடக்க ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து அதையே பார்க்கச் சொன்னார். பாரிசில் வாழ்ந்த ரஸாவிடம் அந்தப் புள்ளி பல பத்தாண்டு கழித்துத் திரும்பி வந்தது. அவருடைய 1970-களின் ஓவியங்களில் காட்டின் இருட்டும் வெக்கையும் தூரிகையின் வேகத்தில் கொதிக்கின்றன. பிந்தைய 'பிந்து', அதாவது புள்ளி, ஓவியங்கள் உலகப் புகழ் பெற்றன. 1989-இல் வரைந்த ஒன்று 2023-இல் 51.75 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. என் கணக்கில் ரஸாவின் ஆன்மிகம் புள்ளியில் இருப்பதைவிட அந்தக் காட்டில் அதிகம் இருக்கிறது. சந்தைக்குப் புள்ளியை விளக்குவது எளிது. காட்டை விளக்குவது கடினம்.

இனி, எனக்கு இந்த விஷயத்தில் மிக நெருக்கமானவர். கே.எம். ஆதிமூலம் 1938-இல் துறையூருக்கு அருகே கீராம்பூரில் உழவர்களின் மண்ணில் பிறந்தார். 1966-இல் சென்னை ஓவியப் பள்ளியில் படிப்பை முடித்தார். தமிழ் வாசகர்களுக்கு அவரை முதலில் தெரிந்தது கறுப்பு மையில்தான். காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த காந்தி கோட்டோவியங்கள், சிதைந்துபோன மன்னர்கள், சிற்றிதழ் அட்டைகள், நூல்களின் தலைப்பெழுத்துகள். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது அதற்குப் படம் வரைந்தவரும் அவர்தான். கோட்டில் இவ்வளவு வல்லமை பெற்ற ஒருவர், கோட்டைக் கீழே வைத்துவிட்டு எண்ணெய் வண்ணத்துக்குள் இறங்கினார். உருவம் போயிற்று. மன்னர்கள் போனார்கள். நிலம் வந்தது.

அந்த நிலக்காட்சிகளில் நிலம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய கித்தான், அதில் பெரும்பகுதி ஒரே நிறம், சிவப்போ நீலமோ. அடர்த்தியாகப் பூசிய வண்ணம் ஓரிடத்தில் குறுக்காகத் திரண்டு, உழுது போட்ட சால்போல் மேடும் பள்ளமுமாக நிற்கும். கிட்டே போனால் சிவப்பின் அடியில் பச்சை தெரியும். அதற்கும் அடியில் இன்னொரு நிறம். வானம் எது, மண் எது என்று பிரிக்கும் கோடு இருப்பதுபோல் இருக்கும், தேடினால் கிடைக்காது. கோடை உழவு முடிந்த புன்செய் நிலத்தைச் சாயங்காலத்தில் பார்த்தவர்களுக்கு இந்த ஓவியம் விளக்கம் இல்லாமல் புரியும். ஆதிமூலம் நிலத்தை வரையவில்லை, நிலம் செய்யும் வேலையை வண்ணத்தைச் செய்யவைத்தார். மூடுவது, வெடிப்பது, நீரை உறிஞ்சுவது, அடியில் உள்ளதைக் கொஞ்சம் வெளியே விடுவது. அவரிடம் ஓம் இல்லை, சக்கரம் இல்லை, தாமரை இல்லை. ஆயினும் மண்ணை உடலாகப் பார்க்கும் ஒரு பார்வை, அதை வணங்கத்தக்கதாகப் பார்க்கும் பார்வை, அந்தப் பரப்பு முழுவதும் இருக்கிறது. ராமானுஜரின் கொள்கைக்கு ஓவிய வடிவம் கேட்டால் நான் இவரைத்தான் காட்டுவேன். 2008 ஜனவரியில், பொங்கல் நாளில், அவர் காலமானார்.

அச்சுதன் கூடல்லூர் அதே பாதையில் வேறு வாசலால் வந்தவர். கேரளத்தின் நிளா ஆற்றங்கரையிலுள்ள கூடல்லூரில் 1945-இல் பிறந்தார், எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயரும் அவ்வூர்க்காரர்தான். கட்டுமானப் பொறியியல் படித்துவிட்டுச் சென்னைக்கு வந்தவர், கலைக் கல்லூரியில் முறையாகப் படிக்காமல், மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் பழகி ஓவியரானார். 1988-இல் லலித் கலா அகாதெமியின் தேசிய விருது பெற்றார். உருவங்களில் தொடங்கி, அவற்றை ஒவ்வொன்றாகக் கைவிட்டார். அவருடைய சிவப்பிலும் ஆழ்நீலத்திலும் மழைக்காலம் இருக்கிறது, ஆறு இருக்கிறது. ஆனால் அவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவர் விடுவதில்லை. 2022-இல் சென்னையில் இறந்தார். நாக்பூரில் பிறந்த ஓவியர் கைதொண்டேயையும் இங்கே நினைத்துக்கொள்ளவேண்டும். ஜென் பௌத்தத்தில் ஆழ்ந்தவர், ஆண்டுக்குச் சில ஓவியங்களே வரைந்தவர். உருளையாலும் கத்தியாலும் வண்ணத்தை ஏற்றியும் எடுத்தும் அவர் செய்த பரப்புகளில் நீரின் அடியில் ஏதோ மிதப்பதுபோல் இருக்கும். தம் ஓவியத்தை அருவ ஓவியம் என்று சொல்வதை அவர் ஏற்கவில்லை. இவர்கள் மூவருக்கும் பொதுவானது பொறுமை: வண்ணம் காயக் காத்திருந்து, மறுபடி பூசி, மறுபடி காத்திருக்கும் பொறுமை.

எல். முனுசாமி, தேவகோட்டை ஆர்.எம். பழனியப்பன், சி. டக்ளஸ் என்று தனியே எழுதத்தக்கவர்கள் இன்னும் பலர் உண்டு. இவர்களில் பழனியப்பனின் அச்சோவியங்கள் பறத்தல், வெளி, காலம் என்று இயற்கையை வானத்திலிருந்து பார்ப்பவை. அவருக்கு இந்த அளவுகோல் பொருந்தாது என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

இவ்வளவையும் இருங்காட்டுக்கோட்டையில் வைத்துப் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதி ஏரிகளின் நாடு. மதகு, கலங்கல், கரையில் பனை, கரைக்கு அந்தப் பக்கம் நஞ்சை. 1996-இல் ஹூண்டாய் இங்கே கால் வைத்தது. 1998-இல் முதல் கார் வெளியே வந்தது. பிறகு ஒரகடத்தில் நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்பல்லோ டயர்ஸ். ஒரு தலைமுறைக்குள் நிலத்தின் முகம் மாறிவிட்டது. இன்று இங்கே இயற்கை என்பது என்ன? சீமைக்கருவேலம், ஆகாயத்தாமரை மூடிய தாங்கல், சிப்காட் சாலையோரத்தில் வரிசையாக நட்ட கொன்றை, மழைக்காலத்தில் மட்டும் நினைவுக்கு வரும் வரத்துக்கால்வாய். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வரும் இளைஞருக்கு, ஜன்னலுக்கு வெளியே ஏரி ஒரு வெளிச்சக் கீற்றாகக் கடந்துபோகிறது. அருவ ஓவியம் எதிலிருந்து பிறக்குமோ அது அவர் கண்ணில் தினமும் படுகிறது.

வண்ணத்தைப் பற்றி இந்தப் பகுதி ஆட்களுக்குத் தெரிந்தது ஓவியர்களுக்கே தெரியாது. கார் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் இரும்புக் கூடு முதலில் கழுவப்பட்டு, தொட்டியில் முழுதாக மூழ்கும். மின்சாரத்தின் விசையில் முதல் பூச்சு மூலைமுடுக்கெல்லாம் ஒட்டும். அடுப்பில் வேகும். அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், அதன்மேல் கண்ணாடிபோல் கிளியர் கோட். அத்தனை பூச்சும் சேர்ந்து தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். கடைசியில் வரிசையாக எரியும் டியூப்லைட்டுகளின் நடுவே நின்று, கையுறை போட்ட விரலால் தடவித் தடவி, ஒரு தூசியின் மேடு இருந்தாலும் கண்டுபிடித்துத் தேய்த்துவிடுவார்கள். பரப்பைப் பார்க்கும் பயிற்சியில் அந்தத் தொழிலாளிக்கு இணையான கலை விமரிசகர் குறைவு. ஒரே வேறுபாடு, அங்கே கையின் தடம் குற்றம். ஆதிமூலத்திடம் கையின் தடமே நிலம். அடியிலுள்ள நிறம் எட்டிப் பார்த்தால் கார் திரும்ப அனுப்பப்படும். ஓவியத்தில் அதற்காகத்தான் போய் நிற்கிறோம். வண்ண அடுக்கை நாள்முழுவதும் கண்ணால் சோதிப்பவரிடம் அருவ ஓவியத்தைக் காட்டி, "இது உங்களுக்குப் புரியாது" என்று யாரும் சொல்லமுடியாது.

ஆனால் காட்டப்படுவதே இல்லை. அருவ ஓவியம் தொழில் நிறுவனங்களுக்குள் வரும்போது வரவேற்பறைச் சுவரோடு நின்றுவிடுகிறது. சோபாவின் நிறத்துக்குப் பொருத்தமாக, யாரையும் தொந்தரவு செய்யாத நீலமும் பொன்னும். அமைதி, சமநிலை, இயற்கை என்று அடியில் ஒரு சீட்டு. இயற்கையையும் ஆன்மிகத்தையும் பற்றிப் பேசும் அருவ ஓவியத்தின் மீது எனக்குள்ள பெரிய குறையும் இதுதான்: அது மிக எளிதில் ஆறுதலாகிவிடுகிறது. நஞ்சை இருந்த இடத்தில் கட்டிய கட்டடத்தின் சுவரில், நஞ்சையின் நினைவை ஒரு பச்சைப் பட்டையாக மாட்டிவிட்டு மறந்துவிடலாம். நிலத்துக்கு நேர்ந்ததையும் வண்ணம் தாங்கவேண்டும். தூர்ந்த ஏரியின் மேல் படியும் கரும்பச்சைக்கு ஓர் ஓவியப் பரப்பு வேண்டும். ஆதிமூலம் தம் புன்செய்க்குச் செய்ததை ஒரகடத்துக்குச் செய்யும் ஓவியர் ஒருவர் வரவேண்டும். அவர் பெயின்ட் ஷாப்பிலிருந்தே வந்தாலும் வியப்பதற்கில்லை.

அதற்குப் பார்க்க வழி வேண்டும். இங்கிருந்து ஈஞ்சம்பாக்கம் 40 கிலோமீட்டருக்குக் குறையாது. சென்னை கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதெமிக் கூடமும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம். ஆறு நாள் வேலை பார்ப்பவர் ஏழாம் நாள் துணி துவைப்பாரா, ஓவியம் பார்க்கப் போவாரா? 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, வரம்புக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிடவேண்டும். அந்தச் சட்டத்தின் 7-ஆம் அட்டவணையில் கலையும் பண்பாடும் இடம்பெற்றிருக்கின்றன. பள்ளிக்குக் கழிப்பறை கட்டும் பணத்தில் கைவைக்கச் சொல்லவில்லை. ஏரியைத் தூர்வாரும் திட்டத்தோடு சேர்த்து, ஸ்ரீபெரும்புதூரில் சிறியதாக ஓர் ஓவியக் கூடம் கட்டலாம். சோழமண்டலத்திலிருந்தும் அகாதெமியிலிருந்தும் ஓவியங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடனாக வாங்கி வைக்கலாம். இரவு ஷிப்ட் முடிந்து வருபவருக்காகக் காலை ஏழு மணிக்கே திறக்கலாம். முதல் மூன்று மாதம் எதைத் தொங்கவிடுவது என்று கேட்டால், பணிக்கரின் எழுத்தில்லா எழுத்து ஒன்றும், ஆதிமூலத்தின் சிவப்பு நிலம் ஒன்றும் போதும். விளக்கச் சீட்டில் ஓவியரின் பெயர், பிறந்த ஊர், ஆண்டு, எந்த வண்ணம், எத்தனை அடுக்கு என்று மட்டும் எழுதினால் நல்லது; இயற்கை, ஆன்மிகம் என்ற இரண்டு சொற்களும் அந்தச் சீட்டில் வேண்டாம்.